கோப்பை யாருடையது, பழி யாருடையது?

ஒரு சங்கம் பல ஆண்டுகள் நடக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. வெகுகாலம் கழித்துப் பழைய உறுப்பினர்கள் சிலர் கூடி, அதே பெயரில், அதே விதிகளோடு ஒரு சங்கம் தொடங்குகிறார்கள். இப்போது நடப்பது பழைய சங்கமா, அதைப் போன்ற இன்னொன்றா? ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இந்த உதாரணத்தைச் சொல்லி, இந்தக் கேள்வியே உள்ளீடற்றது என்றார். எப்போது நின்றது, யார் கூடினார்கள், என்ன பெயர் வைத்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதற்கு மேல் 'அதுவேதானா' என்று கேட்பதில் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை, எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்பது அவர் முடிவு. பார்ஃபிட் கற்பனையில் வைத்த சங்கம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நிஜமாகவே இருக்கிறது. ஏறத்தாழ பதினாறாயிரம் பேர் வாழும் ஸ்விஃப்ட் கரண்ட் நகரத்தின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணி அது, பெயர் பிரான்கோஸ். 1967இல் தொடங்கிய அந்த அணி 1974இல் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் உள்ள லெத்பிரிட்ஜ் நகருக்குக் குடிபெயர்ந்து, லெத்பிரிட்ஜ் பிரான்கோஸ் என்ற பெயரில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு, 1986இல் ஸ்விஃப்ட் கரண்டுக்கே திரும்பியது. போனபோது ஆடிய பையன்களில் ஒருவர்கூடத் திரும்பியபோது ஆடவில்லை, ஆடியிருக்கவும் முடியாது. இந்த ஆட்டத்தில் பதினாறு வயதில் வருகிறவர் இருபது வயதோடு போய்விட வேண்டும். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை அணி அடியோடு புதிய ஆட்களால் நிரம்பிவிடுகிறது. அப்படியானால் 'பிரான்கோஸ்' என்று எதைச் சொல்கிறோம்? பார்ஃபிட்டோடு சேர்ந்து இதை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அந்தப் பெயரின் மீது ஒரு கடன் இருக்கிறது, அதை யாராவது ஏற்றாக வேண்டும் என்பதுதான் காரணம்.

முதலில் எளிய விடை ஒன்றைப் பார்த்துவிடலாம். அணி என்பது லீகில் ஆடும் உரிமம். உரிமம் யார் கையில் தொடர்ந்து வருகிறதோ அதுவே பழைய அணி என்று ஒரு கணக்குப்பிள்ளை சொல்வார். ஆனால் ஹாக்கி ஊர்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. எட்மன்டன் நகரத்தின் ஆயில் கிங்ஸ் அணி 1963இலும் 1966இலும் கனடாவின் இளையோர் ஹாக்கியில் மிகப் பெரிய பரிசான மெமோரியல் கோப்பையை வென்றது. 1976இல் அந்த அணி எல்லை தாண்டி அமெரிக்காவின் போர்ட்லண்டுக்குப் போய் வின்டர்ஹாக்ஸ் ஆனது. எட்மன்டனில் 2007இல் புத்தம் புதிதாக ஓர் உரிமம் வாங்கி, பழைய 'ஆயில் கிங்ஸ்' பெயரையே வைத்தார்கள். 2012, 2013, 2014 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள், பிரான்கோஸும் ஆடும் மேற்கு ஹாக்கி லீகின் இறுதிப் போட்டியில் இந்த இரண்டு அணிகளும் மோதின. உரிமத்தின் வாரிசு ஒரு பக்கம், பெயரின் வாரிசு மறுபக்கம்! பழைய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் ஒன்று, கழற்றிய அதே பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கப்பல் இன்னொன்று என்று தாமஸ் ஹாப்ஸ் பதினேழாம் நூற்றாண்டில் போட்ட புதிர், பனித்தளத்தில் நேருக்கு நேர் நின்றது. மூன்றில் இரண்டு முறை பெயரின் வாரிசு வென்றது. 2014இல் எட்மன்டன் மெமோரியல் கோப்பையையும் வென்றபோது, 1966க்குப் பிறகு ஆயில் கிங்ஸ் வென்ற முதல் மெமோரியல் கோப்பை என்றே அது பேசப்பட்டது. உரிமப்படி பார்த்தால் அந்த 1966 போர்ட்லண்டின் முன்னோருடையது. ஸ்விஃப்ட் கரண்டின் கதையும் இதையே சொல்கிறது. ஸ்விஃப்ட் கரண்ட் தன் லீக் பட்டங்களாக 1989, 1993, 2018 என்று மூன்றைச் சொல்லும். அதே உரிமத்தோடு லெத்பிரிட்ஜ் 1983இல் வென்ற பட்டம் அந்தக் கணக்கில் வராது. அது லெத்பிரிட்ஜின் நினைவாகவே நிற்கிறது. ஆகவே ஒரு காகிதம் கைமாறாமல் இருப்பதனால் மட்டும் ஓர் அணி அதே அணியாகிவிடுவதில்லை. ஓர் ஊர் வாய்திறந்து 'அது எங்களுடையது' என்று எதைச் சொல்கிறதோ, அந்தச் சொல்லால்தான் நேற்றும் இன்றும் ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. அப்படி உரிமை கோருவது ஒரு செயல். செயலுக்கு விளைவு உண்டு.

இந்த இடத்தில் பார்ஃபிட்டைவிட இரண்டாயிரம் ஆண்டு மூத்த ஒரு பிக்கு நமக்கு நன்றாக உதவுகிறார். கிரேக்க மன்னன் மினாண்டரும் அந்தப் பிக்குவான நாகசேனரும் பேசுவதாக அமைந்த 'மிலிந்தபன்ஹா'வைத் தேர் உவமைக்காகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று கேட்டு, 'தேர்' என்பது ஒரு வழக்குப் பெயரே என்று காட்டும் பகுதி அது. ஆனால் அதே நூலில் அதைவிட முக்கியமான ஒரு மாங்காய்த் திருடன் வருகிறான். நிலையான ஆன்மா என்று எதுவும் இல்லை, மறுபிறப்பில் வருவது அதே ஆளும் இல்லை என்றால், செய்த தீவினையிலிருந்து தப்பிவிடலாமே என்று அரசன் கேட்கிறான். தோட்டக்காரன் ஒருவனின் மாம்பழத்தைப் பறித்துப் பிடிபட்ட ஒரு திருடனை நாகசேனர் காட்டுகிறார். இவன் நட்டது ஒரு கொட்டை, நான் பறித்தது வேறு பழம், ஆகவே நான் இவனுடையதைத் திருடவில்லை என்று அந்தத் திருடன் வாதாடுகிறான். அரசனே, அவனை விட்டுவிடுவாயா? இன்னொருவன் மாடியில் விளக்கேற்றிச் சாப்பிடுகிறான். விளக்கிலிருந்து கூரை பற்றி ஊரே எரிகிறது. நான் சாப்பிட்ட வெளிச்சம் வேறு, ஊரை எரித்த நெருப்பு வேறு என்று அவன் சொன்னால் ஒப்புவாயா? அரசன் ஒப்பவில்லை. காஞ்சியில் மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைத்த சார்பின் தோற்றமும் இந்த மரபில் வந்ததுதான். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று எழுகிறது. அந்தச் சார்பு போதும், பொறுப்பு நிற்கிறது. 'அதுவேதானா' என்ற கேள்விக்கு நாகசேனரும் பார்ஃபிட்டைப் போலவே 'அதுவும் இல்லை, வேறும் இல்லை' என்றுதான் சொல்கிறார். ஆனால் பார்ஃபிட்டின் சங்கம் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. நாகசேனரின் திருடனுக்கு எதிரே தோட்டக்காரன் நிற்கிறான். எதிரே ஒருவன் நின்று கணக்குக் கேட்கும்போது கேள்வி உள்ளீடற்றதாக இருக்க முடியாது.

ஸ்விஃப்ட் கரண்டுக்கு எதிரே நிற்பவர்கள் யார்? அணி ஊர் திரும்பிய முதல் பருவத்திலேயே, 1986 டிசம்பர் 30 அன்று, ரெஜைனா நகரத்து அணியோடு ஆடப் புறப்பட்ட பேருந்து ஊரைத் தாண்டிச் சற்று தூரத்தில், டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில், பனி உறைந்த சாலையில் வழுக்கிக் கவிழ்ந்தது. பேருந்தின் பின்பகுதியில் இருந்த நான்கு பையன்கள் இறந்தார்கள். ட்ரென்ட் கிரெஸ், ஸ்காட் க்ரூகர், கிறிஸ் மன்டைகா, பிரென்ட் ரஃப். மூத்தவருக்கு இருபது வயது, இளையவருக்குப் பதினாறு. அணியைக் கலைத்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் தவறு சொல்ல முடியாது. ஆனால் எஞ்சியவர்கள் ஆடுவதென்று முடிவெடுத்து, அந்தப் பருவத்தை ஆடி முடித்தார்கள். சட்டையில் நான்கு இலை கொண்ட ஒரு சின்னத்தைத் தைத்துக்கொண்டார்கள். மேலைநாட்டில் நான்கு இலைத் தளிர் நல்லதிர்ஷ்டத்தின் அடையாளம். இங்கே ஒவ்வொரு இலையிலும் ஒரு எண்: 8, 9, 11, 22. இறந்தவர்களின் சட்டை எண்கள் அவை. இரண்டரை ஆண்டு கழித்து, 1989 மே மாதத்தில், சஸ்கட்டூன் நகரில் அந்நகரத்து அணியான பிளேட்ஸை மெமோரியல் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்கோஸ் சந்தித்தது. கூடுதல் நேரத்தில் டிம் டிஸ்டேல் அடித்த கோலால் 4-3 என்று வென்றது. மேற்கு லீகில் ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் பரிசுக்கு அந்த நால்வரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து விபத்து நடந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 2018இல் லீக் பட்டத்தை வென்ற பிரான்கோஸ் பையன்களில் ஒருவருக்குக்கூட அந்த நால்வரைத் தெரிந்திருக்காது. 1986இல் அவர்களில் யாரும் பிறந்திருக்கவில்லை. ஆயினும் அவர்கள் அந்தத் துக்கத்தைத் தங்கள் அணியின் துக்கமாகச் சுமந்தது யாருக்கும் பொருத்தமற்றதாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அது சரியான, அழகான செயல். மெமோரியல் கோப்பையே முதல் உலகப் போரில் மாண்ட கனடிய வீரர்களின் நினைவாக 1919 முதல் தரப்படுவது. தாங்கள் பார்த்தேயிராத இறந்தவர்களின் பெயரால் பையன்கள் ஆடுவது அந்த ஆட்டத்தின் பழைய வழக்கம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கடினமான பகுதிக்கு வர முடியும். அந்தப் பேருந்தில் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸும் இருந்தார். அணியின் பொது மேலாளரும் அவரே. 1989 கோப்பை அவர் பயிற்சியில் வந்தது; 1993 லீக் பட்டமும் அவர் பயிற்சியில்தான். 1989இல் 'தி ஹாக்கி நியூஸ்' பத்திரிகை அவரை ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது. அதே பேருந்தில் இருந்து உயிர்பிழைத்த ஷெல்டன் கென்னடி என்ற பையனை அவர் பல ஆண்டுகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கி வந்தார். அவருடைய அணிகளுக்குள் வருவதற்கு முன்பே, பதினான்கு வயதில் தொடங்கிய கொடுமை அது. 1996இல் கென்னடி வெளியே வந்து பேசினார். 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் வேறு வீரர்கள் தொடர்பான வழக்குகளிலும் தண்டனை வந்தது. 2015இல் வந்த தண்டனை, ஸ்விஃப்ட் கரண்டில் ஆடிய இன்னொரு வீரருக்குச் செய்த கொடுமைக்காக. நான்கு தோழர்களைப் பனிச்சாலையில் பறிகொடுத்த பையன்களுக்குத் தேறுதல் சொல்லத் தேர்ந்த மனநல உதவி எதுவும் தரப்படவில்லை என்பதை அவர்களில் பலர் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். அந்த வயதில் அந்தத் துக்கத்தோடு அவர்கள் யாரை நம்பி இருந்தார்கள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

என் வாதம் இதுதான். துக்கமும் கோப்பையும் கொடுமையும் ஒரே ஆண்டுகளில், ஒரே பேருந்தில், ஒரே உடைமாற்றும் அறையில் நடந்தவை. முதல் இரண்டையும் 'எங்களுடையது' என்று ஓர் அணி எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொள்வதன் மூலமாகவே அது நேற்றைய அணியாகிறது. மூன்றாவதை மட்டும் 'அது அந்த ஆளுடையது' என்று விலக்கிவைத்தால், முதல் இரண்டின் மீதான உரிமையும் ஆட்டம் காண்கிறது. தகப்பன் நிலத்தைப் பங்கு போட்டுக்கொள்பவர்கள் நிலத்தின் மேலிருக்கும் கடனை ஊரார் தலையில் கட்ட முடியாது. இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை. மேலோட்டமாகத் தாண்டிப் போகக் கூடாதவை.

முதல் மறுப்பு சமயத்திலிருந்தே வரும். வினை செய்தவனைத்தான் சேரும். உயிரைப் பற்றியதே வினை என்று சமணரும் சைவரும் ஒருமித்துச் சொல்வார்கள். அணிக்கு உயிர் ஏது? அது பிறப்பதில்லை, வீடுபேறு அடைவதில்லை. ஒருவர் பாவத்தை இன்னொருவர் தலையில் ஏற்றுவது அறமாகாது. இதை நான் முழுமையாக மதிக்கிறேன். ஜேம்ஸ் செய்த குற்றம் ஜேம்ஸுடையது, அதில் ஒரு துளியும் இன்று ஆடும் பையனைச் சேராது. ஆனால் இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் அது இரண்டு பக்கமும் அளக்கும். பாவத்தைச் சுமக்க அணிக்கு உயிர் இல்லையென்றால், புகழைச் சுமக்கவும் உயிர் இல்லை. 1989இல் வென்றது அந்த ஆண்டில் ஆடிய இருபத்து சொச்சம் பையன்கள்தான். அரங்கத்தில் கொடி கட்டிக்கொள்ள இன்றைய அணிக்கு எந்த உரிமையும் இல்லை என்றாகும். எந்த ஊரும் அந்தக் கொடியை இறக்கப் போவதில்லை, இறக்கவும் வேண்டாம். ஆகவே நாம் ஏற்கெனவே, உயிரில்லாத ஒன்று நல்லதைச் சுமக்க முடியும் என்று நம்பி வாழ்கிறோம். நான் கேட்பது அந்த நம்பிக்கையை அரைகுறையாக நிறுத்தாதீர்கள் என்பதே.

இரண்டாவது மறுப்பு நம் பழைய சட்டத்திலிருந்து எழக்கூடியது. இதுவும் எனக்குக் கடினமாகத் தெரிகிறது. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்று மிதாக்ஷரச் சட்டம் வைத்திருந்தது; 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தும் வரை அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்தது. ஆனால் அந்தக் கடமைக்கே ஒரு விலக்கு உண்டு. தகப்பன் குடிக்கும் சூதுக்கும் பட்ட கடன், ஒழுக்கக்கேட்டுக்காகப் பட்ட கடன், மகனைக் கட்டாது. அப்படியானால் ஓர் அணியின் வாரிசும் நல்ல கடனை ஏற்று, இழிந்த கடனை மறுக்கலாமே? விலக்கு யாரைக் குறிவைத்தது என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. சூதாடிக்குப் பணம் கொடுத்தவன் அந்தச் சூதுக்கு உடந்தை. தெரிந்தே கொடுத்தவன் மகனிடம் வந்து கேட்க முடியாது என்பதுதான் அதன் நியாயம். இங்கே கடனைக் கேட்டு நிற்பவர் யார்? பதினான்கு வயதுப் பையன். அவன் எதையும் கொடுத்து உதவவில்லை, அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. தகப்பன் பிறத்தியார் வீட்டில் திருடிய நகை மகன் பெட்டியில் இருந்தால், 'தகப்பன் ஒழுக்கங்கெட்டவன், எனக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்லி நகையை வைத்துக்கொள்ள எந்த சாஸ்திரமும் அனுமதிக்காது.

மூன்றாவதாகச் சொல்வார்கள்: இது ஒரு தனி மனிதனின் குற்றம், அணி என்ன செய்யும்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் யாஸ்பெர்ஸ் தம் நாட்டாரிடம் பேசும்போது குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தின் முன் நிற்கும் குற்றம், குடிமக்கள் என்ற வகையில் சேரும் அரசியல் பொறுப்பு, மனச்சாட்சிக்கு மட்டும் தெரிந்த அறக்குற்றம், சக மனிதன் அழிகையில் நாம் உயிரோடு இருப்பதனாலேயே உறுத்தும் ஒன்று. சட்டக் குற்றம் தனி ஆளுக்கே. ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்க முடியாது என்பதில் யாஸ்பெர்ஸ் உறுதியாக இருந்தார். ஆனால் பொறுப்பு அதைவிட அகலமானது என்பதிலும் உறுதியாக இருந்தார். இளையோர் ஹாக்கியின் அமைப்பைச் சற்றுப் பாருங்கள். பதினான்கு, பதினைந்து வயதில் அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுத்து உரிமை பெறுகின்றன. பையன் பெற்றோரை விட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, 'பில்லட்' என்று சொல்லப்படும் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அங்கே பள்ளிக்குப் போகிறான். இரவெல்லாம் பேருந்துப் பயணம். தேசிய ஹாக்கி லீகில் இடம் கிடைக்குமா என்ற அவன் வாழ்நாள் கனவு, பயிற்சியாளர் அவனை எத்தனை நிமிடம் களத்தில் இறக்குகிறார் என்பதில் தொங்குகிறது. பயிற்சியாளரே பொது மேலாளராகவும் இருந்தால், முறையிட வேறு கதவே இல்லை. ஜேம்ஸ் இந்த அமைப்பை உருவாக்கவில்லை. அது அவருக்காகத் தயாராகக் காத்திருந்தது. வெற்றி வந்துகொண்டிருந்தவரை யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. ஓர் ஊர் முழுக்க அணியைத் தன் பிள்ளையாகப் போற்றும்போது அணியைப் பற்றிக் கெட்டது கேட்க ஊருக்கு மனம் வராது. அது வெறுப்பினால் வந்த மௌனம் இல்லை, பாசத்தினால் வந்தது. அதனால்தான் இன்னும் ஆபத்தானது.

நீதிமன்றமே இதைப் பேசிவிட்டதே என்று ஒருவர் சொல்லலாம். முன்னாள் வீரர்கள் சிலர் 2020இல், இளையோர் அணிகளில் மூத்த பையன்கள் புதியவர்களுக்குச் செய்த கொடுமைகளுக்காகக் கனடிய ஹாக்கி லீக்கையும் அதன் 60 அணிகளையும் ஒருசேரப் பிரதிவாதிகளாக்கி வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் ஒண்டாரியோ நீதிமன்றம், கொடுமைகள் நடந்ததை மறுக்காமலே, அத்தனை அணிகளும் கூட்டாகப் பொறுப்பு என்ற அடிப்படையில் வழக்கை நடத்த முடியாது என்றது. அந்தத் தீர்ப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. யாரிடமிருந்து எவ்வளவு பணம் வசூலிப்பது என்று கேட்கும் இடத்தில் கவனமாகத்தான் இருக்க வேண்டும்; ஓர் ஊர் அணி செய்ததற்கு வேறோர் ஊர் அணி பணம் கட்டுவது அநீதி. ஆனால் என் வாதம் அறுபது அணிகளைப் பற்றியது இல்லை. ஒரே அணி, தன் நேற்றுக்கும் இன்றுக்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கைப் பற்றியது. அதை வசூலிக்க எந்த அமீனாவும் வரமாட்டார். ஹன்னா ஆரெண்ட் 1968இல் ஆற்றிய உரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார்: குற்றம் எப்போதும் தனி ஆளுடையது, பொறுப்போ, நான் செய்யாத ஒன்றுக்கு, நான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதனாலேயே வரக்கூடும், அதுவும் என் விருப்பத்தால் கலைத்துவிட முடியாத உறவாக இருந்தால் மட்டுமே. இந்தக் கடைசி நிபந்தனை இங்கே மிகவும் உதவுகிறது. பதினேழு வயது வீரன் நாளையே வேறு அணிக்கு மாற்றப்படலாம்; அவனுடைய உறவு கலையக்கூடியது, ஆகவே அவன் சுமை இலேசு. மூன்று ஆண்டு சட்டையைப் போடுகிறவன் மூன்று ஆண்டு அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். கலைக்க முடியாத உறவில் இருப்பது அணி என்ற அமைப்பு. தன்னிடமிருந்து தான் ஓட அதற்கு வழியில்லை. பிரான்கோஸ் தனிப்பட்ட முதலாளியின் சொத்தும் இல்லை, ஊர் மக்களுக்கே சொந்தமான அணி. ஆக, சுமையின் பெரும்பகுதி இயக்குநர் குழுவின் மீதும் ஊரின் மீதும்தான் விழுகிறது.

கடைசி மறுப்புதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அந்தக் கோப்பையை வென்றவர்களில் கென்னடியும் ஒருவர். 1989 அணியில் அவர் ஆடினார். நண்பர்களைப் பறிகொடுத்து, உடலாலும் மனத்தாலும் அடிபட்டு, எல்லாவற்றையும் மீறி அந்தப் பையன்கள் வென்ற ஒன்றின் மீது, பயிற்சியாளரின் பெயரால் கறை பூசுவது நியாயமா? அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல நினைவையும் பறிப்பதாகாதா? ஆகும் — கோப்பையை மறைத்துவைத்தால், கொடியை இறக்கினால், சாதனைப் பட்டியலிலிருந்து அந்த ஆண்டை அழித்தால். அதைச் செய்யச் சொல்பவர்கள் கொடுமைக்காரனிடமே கோப்பையை ஒப்படைக்கிறார்கள். அவர்தான் வென்றார் என்று ஒப்புக்கொள்கிறார்கள். வென்றது பையன்கள். ஆனால் கொடுமையைச் சொல்லாமல் கோப்பையை மட்டும் சொல்வதும் அதே தவற்றைத்தான் மறுபக்கமிருந்து செய்கிறது. விபத்துக்குப் பின் சிதறிய பையன்களை ஒரு பயிற்சியாளர் ஒன்றுசேர்த்து உச்சிக்குக் கொண்டுபோனார் என்ற நெகிழ்ச்சிக் கதைதான் அன்று நாடு முழுக்கச் சொல்லப்பட்டது. அந்தக் கதையில் பையன்கள் துக்கத்தை மட்டுமே வென்றார்கள். உண்மையில் அவர்களில் சிலர் அதைவிடக் கொடிய ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்கள் எதையெல்லாம் தாண்டி வந்தார்கள் என்று தெரியாதவருக்கு அந்த 4-3 வெறும் ஸ்கோர்தான். ஆகவே கொடுமையைச் சேர்த்துச் சொல்வதால் கோப்பை கறைபடுவதில்லை. அது உரியவர்கள் கைக்குத் திரும்புகிறது.

துக்கத்தை நினைவுகூர்வது எளிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பனி யார்மேலும் பழி சொல்லாது. இறந்தவர்கள் இளமையிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்னம் தைக்கலாம், பரிசுக்குப் பெயர் வைக்கலாம், ஆண்டுக்கொருமுறை தலைகுனிந்து நிற்கலாம். உயிரோடிருக்கும் காயம்பட்டவரை நினைவுகூர்வது அப்படியில்லை. அவர் திரும்பிப் பேசுவார். யாருக்குத் தெரிந்திருந்தது, யார் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்பார். கென்னடி அப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். 1998இல் கால்களில் உருளைச் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு கனடாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்காக நிதி திரட்டியபடி போனார். 2006இல் எழுதிய நூலுக்கு, தான் ஏன் எதுவும் சொல்லவில்லை என்பதையே தலைப்பாக வைத்தார். கனடா 2014இல் அவருக்குத் தன் உயர்ந்த குடிமக்கள் விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆஃப் கனடாவை அளித்தது. பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் அவர் கூட்டாக உருவாக்கிய வகுப்புகளை இன்று அந்த நாட்டு ஹாக்கி அமைப்புகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. தோட்டக்காரன் கணக்குக் கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்த தோட்டத்துக்கு வேலியும் போட்டுக் கொடுத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும்போது ஸ்விஃப்ட் கரண்டுக்குப் புதிய பையன்கள் வருகிறார்கள். ஒரு பையில் காலணி, சறுக்குக் கத்தி, மட்டை. மறு பையில் பள்ளிப் புத்தகம். அரங்கத்தில் நான்கு எண்களைக் காட்டி யாராவது அவர்களுக்குக் கதை சொல்வார்கள். அணியை நடத்துகிறவர்களிடமும் அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்பது இதுதான்: கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதே பேருந்தில் இருந்த மற்றப் பையன்களுக்கு என்ன நடந்தது என்பதையும் அன்றைக்கே, அதே மூச்சில், பையனின் பெற்றோரையும் அவனுக்கு இடம் கொடுக்கும் குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பயிற்சியாளரைத் தாண்டி அவன் போய்ப் பேசக்கூடிய ஒருவரின் பெயரை அவன் கையில் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு சட்டையைக் கொடுங்கள்.